ஆறு சுமை, பதினொரு கெஜம்

டொலீடோவில் நவம்பர். காலை நாலரை.
டயாலிசிஸ் அறையில் பன்னிரண்டு நாற்காலிகள்,
மூன்று நர்சுகள்.
வருகிறவர்களை எடை பார்ப்போம்,
போகும்போதும் பார்ப்போம்.
நடுவில் உள்ள வித்தியாசம்தான் எங்கள் வேலை.

ஓய்வறைச் சுவரில் ஃபேண்டஸி லீக் அட்டவணை.
எட்டு அணிகள், ஆளுக்கு இருபத்தைந்து டாலர்.
வாரக் கடைசியில் யார் கடைசியோ
திங்களன்று அவர் தலையில் டோனட் செலவு.
எனக்கு மட்டும் சலுகை என்பார் குவியட்கோவ்ஸ்கி:
என் அணியின் ரன்னிங் பேக்
என் தம்பி.

ஆர்லிஸ். வயது இருபத்தெட்டு.
அவன் தொழிலில் அது அறுபது.
பந்தை வயிற்றோடு அணைத்துக்கொண்டு
முந்நூறு பவுண்டு ஆட்களின் இடுக்கில்
தலையைக் கொடுத்துப் புகுவதற்கு
என்ன பெயர் வைத்தாலும் சுமைதான்.
போன வருஷம் ஆட்டத்துக்குப் பதினெட்டு.
இந்த வருஷம் பதினான்கு, பதினொன்று, ஒன்பது.
நூறு ஸ்னாப்பில் அறுபத்தெட்டு நின்றவன்
இப்போது நாற்பத்தொன்று.
கோட்டுக்கு இரண்டு கெஜம் இருக்கையில்
அவனை வெளியே அழைத்து
ஒரு சின்னப் பையனை அனுப்புகிறார்கள்.
உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது;
இங்கே
உழாத நாங்கள் எட்டுப் பேர்
தசமப் புள்ளி வரை பார்க்கிறோம்.

வியாழன் இரவு கூப்பிட்டான்.
அம்மாவின் கார் சரியாயிற்றா என்றான்.
பனி விழுந்ததா என்றான்.
பிறகு,
"முட்டி வீங்கியிருக்கு வெர்னி.
ட்ரெய்னர்கிட்ட சொல்லல.
சொன்னா சின்னவன் ஓடுவான்,
அப்புறம் அது எனக்குத் திரும்பி வராது."
எவ்வளவு வீக்கம் என்றேன்.
சாஃப்ட்பால் அளவு என்று சிரித்தான்.
நான் சிரிக்கவில்லை. நீர் எங்கே தேங்கும்,
தேங்கினால் எப்படிக் கனக்கும்,
என் சம்பளமே அதற்குத்தான்.

சனி ராத்திரி போனை எடுத்து
அவன் பெயரைப் பெஞ்சுக்கு இழுத்தேன்.
அந்த இடத்தில் டென்வர்காரன் ஒருவன்,
நிச்சயமான இருபது சுமை.
விரலை எடுப்பதற்குள் உறைத்தது.
அக்காளே உட்கார வைத்தால்
ஏன் என்று கேட்பார்கள்.
மார்வாவின் மைத்துனனுக்கு ரேடியோவில் வேலை,
வாயை வாடகைக்கு விட்டுப் பிழைப்பவன்.
நான் நகர்த்திய ஒரு பெயர்
விடிவதற்குள் கோச்சின் காதில் இருக்கும்.

இழுத்ததைத் திரும்ப இழுத்தேன்.

ஞாயிறு, இரண்டாவது ஷிஃப்ட்.
ஒலி அணைத்த டிவி.
ஏழாம் நாற்காலி மிஸ்டர் ஹேஸ்கின்ஸ்
யாருடைய தம்பி என்று தெரியாமல் கத்தினார்:
"அந்தக் கிழவனை வெளிய எடுங்கடா!"
அவர் கையில் ஊசி மேல் ஒட்டிய பட்டையைச்
சரிசெய்துகொண்டிருந்தேன்.
என் கை நடுங்கவில்லை. அது பழக்கம்.

ஆறு சுமை. பதினொரு கெஜம்.
பத்துக் கெஜத்துக்கு ஒரு புள்ளி,
ஆக ஒன்று புள்ளி ஒன்று.
மூன்றாம் கால்பகுதியில்
ஹெல்மெட்டைக் கழற்றாமலே போய் உட்கார்ந்தான்.
கேமரா சின்னவனிடம் போய்விட்டது.
டென்வர்காரன் இருபத்திரண்டு எடுத்தான்.
எட்டு அணிகளில் நான் கடைசி,
நாலே புள்ளியில்.

"பாசம் கண்ணை மறைக்குது" என்றாள் மார்வா
மறுநாள் டோனட் பெட்டியைத் திறந்தபடி.
ஆமாம் என்றேன்.
குவியட்கோவ்ஸ்கி பெருந்தன்மையானவர்:
"ஆர்லிஸை எனக்குக் கொடு.
நல்ல கிக்கர் ஒருத்தன் தர்றேன்."

ராத்திரி அவனுக்குச் செய்தி அனுப்பினேன்.
ஐஸ் வை. காலை நெஞ்சுக்கு மேலே தூக்கி வை.
வச்சிருக்கேன் என்றான்.
ஒரு நிமிஷம் கழித்து இன்னொன்று வந்தது:
"தெரிஞ்சும் ஏன் என்னை ஆட வச்ச?"

பதிலைத் தட்டினேன். அழித்தேன்.
மறுபடி தட்டினேன்.
கடைசியில்
மிச்சமிருந்த ஒற்றை டோனட்டைப்
படமெடுத்து அனுப்பினேன்.